பழைய கோர்ட்டில் அண்ணன் இருந்த மழைக்காலம்

எங்கள் டவுனுக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே படம் எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மணிக்கூடு வைத்த தபால் கந்தோர், மேட்டில் கல் தேவாலயம், அதற்குக் கீழே பயணிகள் தங்குகிற வாடி வீடு, வளைவில் அரசாங்கக் கச்சேரி, கச்சேரிக்குப் பின்னால் பழைய கோர்ட். பனி இறங்கும் நேரத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் "எல்லாம் வெள்ளைக்காரன் கட்டினது" என்று யாராவது வாயைத் திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த வெள்ளைக்காரன் தலையில் கல் சுமந்தான்? சுமந்தது எங்கள் ஆட்கள். கட்டி முடித்த பிறகு அதே படிகளில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறியதும் எங்கள் ஆட்கள்தான்.

நான் இந்த டவுனில் உள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன். வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தக் கட்டடங்களைச் சுற்றிக் காட்டுவது வழக்கம். தேவாலயத்தில் கொஞ்சம், தபால் கந்தோரில் கொஞ்சம், பழைய கோர்ட்டில்தான் நிறைய நேரம் நிற்பேன். இவ்வளவு சின்ன டவுனுக்கு இவ்வளவு பெரிய கோர்ட் எதற்கு வந்தது என்று கேட்பேன். களவு, கொலை என்று பிள்ளைகள் அடுக்குவார்கள். அதற்கெல்லாம் இல்லை. தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடினவர்களைக் கூண்டில் நிறுத்துவதற்கு. தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கிற துண்டுச் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போனால் அந்தக் காலத்தில் அது குற்றம். சம்பளம் இல்லாமல், சாப்பாடு இல்லாமல் ஓடினாலும் குற்றம்தான். ஆட்கள் கூட்டமாக ஓடினார்கள், கூட்டமாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதனால்தான் உள்ளே இருக்கும் கைதிக் கூண்டு மற்ற கோர்ட்டுகளில் இருப்பதைப்போல ஒரு ஆள் நிற்கிற கூண்டு அல்ல. ஒரு குடும்பமே பாய் விரித்துப் படுக்கலாம், அவ்வளவு அகலம்.

ஒரு தடவை ஒரு பெண்பிள்ளை, "டீச்சர், அப்ப நம்ம ஆளுங்க ஓடாம இருந்திருந்தா இந்தக் கோர்ட்டே வந்திருக்காதா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தக் கூண்டுக்குள் பாய் விரிக்கிற நாள் வரும் என்று அப்போது யார் கண்டது?

நான் பிறந்தது டவுனுக்கு மேலே உள்ள தோட்டத்தில். பஸ் வராது, கல் ரோட்டில் ஏறிப் போக வேண்டும். என் அண்ணனும் அண்ணியும் கடைசிவரை அங்கேதான், நாங்கள் பிறந்த அதே லயத்து வரிசையில், அதே ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். அண்ணன் தேயிலை பெக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். அந்தத் தூள் அவருடைய நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நாலு படி ஏறினால் விசில் அடிப்பதுபோல மூச்சு வரும். "பெக்டரி சங்கு நம்ம கூடவே வருது தங்கச்சி" என்று அதையும் கேலியாக்கிவிடுவார். டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். குளிரிலும் ஈரத்திலும் இவரை வைக்காதீர்கள், இன்னொரு தடவை நெஞ்சில் சளி கட்டினால் தாங்கமாட்டார். மலைநாட்டில், லயத்தில் இருக்கிறவனிடம் ஈரத்தில் இருக்காதே என்றால் அவன் எங்கே போவான்?

அந்த வருஷம் மழை விடாமல் ஊற்றியது. லயத்துக்குப் பின்னால் மலையில் ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் விரல் நுழைகிற அளவு, பிறகு கால் நுழைகிற அளவு. மண்ணைச் சோதிக்கிறவர்கள் கொழும்பிலிருந்து வந்து பார்த்துவிட்டு, லயத்து ஆட்கள் எல்லாரையும் உடனே இறக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடங்களில் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. கோவில் மடத்தில் ஏற்கெனவே டயகம பக்கத்து ஆட்கள் இருந்தார்கள். காலியாகக் கிடந்தது பழைய கோர்ட் ஒன்றுதான். வழக்குகள் எல்லாம் கீழே புதுக் கட்டடத்துக்குப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. பழையதைப் பழங்காலச் சாமான் வைத்துக் காட்டுகிற நூதனசாலை ஆக்கப்போகிறோம் என்று பூட்டி வைத்திருந்தார்கள். அதைத் திறந்து எங்கள் லயத்தை உள்ளே விட்டார்கள்.

விட்டதும் சட்டம் வந்தது. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. உள்ளே அடுப்பு மூட்டக்கூடாது. நீதவான் உட்கார்ந்த மேடைக்குக் கிட்டப் போகக்கூடாது, அது பழங்காலத்து மரம். மேடையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பெரிய கட்டடம், வெளியே பார்த்தால் கோட்டைபோல இருக்கும். உள்ளே அண்ணாந்து பார்த்தால் வானம் தெரிந்தது. மழை பெய்தால் ஹால் முழுக்க ஒழுகும். வாளி, சட்டி, பால்மா டின் என்று கிடைத்ததையெல்லாம் வைத்தார்கள். ஒழுகாத இடம் இரண்டே இரண்டு. ஒன்று கயிறு கட்டிய மேடை. மற்றது கைதிக் கூண்டு.

சனம் ஈரத்தில் கிடந்ததே தவிர, கூண்டுக்குள் ஒருவரும் போகவில்லை. கைக்குழந்தைக்காரிகூடப் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, கயிறும் இல்லை. எங்கள் ஆட்களுக்கு அது அப்படித்தான். கோர்ட்டுக் கூண்டு ஏறி வந்தவனை மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் தலை முழுக வைத்துத்தான் காம்பராவுக்குள் விடுவார்கள். குற்றவாளியோ இல்லையோ, அது கணக்கில்லை. அப்படிப்பட்ட இடத்தில் தலை வைத்துப் படுப்பதா?

அண்ணனுக்கு அதில் சொந்தக் கதையும் உண்டு. இளந்தாரி வயதில் ஒரு வேலைநிறுத்தத்தின்போது துரையின் காரை மறித்ததாகச் சொல்லி அவரையும் இன்னும் பலரையும் பிடித்து அதே கூண்டில் நிறுத்தினார்கள். பேசியது எல்லாம் அவருக்கு விளங்காத பாஷையில். கடைசியில் எச்சரித்து விட்டுவிட்டார்கள். எங்கள் அம்மா ரோட்டிலேயே காத்துக்கொண்டு நின்று அவரை நேராகப் பீலிக்குக் கூட்டிப்போனது எனக்கு நினைவு இருக்கிறது.

நான் டவுனில் ஒரு கடைக்கு மேலே வாடகை அறையில் இருக்கிறேன். முதல் நாளே போய், "அண்ணே, நீங்களும் அண்ணியும் என்கூட வாங்க" என்றேன்.

"வந்தா பேரை வெட்டிருவாங்க தங்கச்சி" என்றார்.

அதுதான் அங்கே எல்லாருக்கும் இருந்த பயம். வேறு இடத்தில் புது வீடு கட்டித் தருவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. முகாமில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான், சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர்களுக்கு இல்லை என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். முன்னால் நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அப்படி நடந்ததாம். அது உண்மையா பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு தலைமுறையாக லயத்துக் காம்பராவில் காலை நீட்ட இடமில்லாமல் படுத்திருந்த குடும்பத்து ஆளுக்கு, சொந்த வீடு என்ற சொல் வந்த பிறகு எந்தத் தங்கச்சி கூப்பிட்டாலும் காது கேட்காது.

"சரி, அப்ப அந்தக் கூண்டுக்குள்ள படுங்க. அங்கதான் ஒழுகல."

"ஒரு தடவ ஏறினது போதும்."

"நெஞ்சு அடைச்சுச் செத்தா?"

"செத்தா நல்ல எடத்துல சாவேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஹாலில் அத்தனை பேர் பார்க்க, "ஒங்க வறட்டுக் கௌரவத்தக் கொண்டுபோய் ஒலையில போடுங்க" என்று கத்திவிட்டேன். தம்பி வயதுக்காரர்கள்கூட அண்ணனிடம் அப்படிப் பேசமாட்டார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்று நான்கு நாள் பேசவில்லை. அதற்குள் அவர் படுத்திருந்த சாக்கு நனைந்து, இருமல் அடிவயிற்றிலிருந்து வரத் தொடங்கியது.

அண்ணிதான் முடித்துவைத்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை, பேசினால் நறுக்கென்று இருக்கும். ஒரு நாள் சாயந்தரம் நான் போனபோது கூண்டைக் கழுவித் துடைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, உள்ளே ஒரு மூலையில் சாமி படத்தை வைத்துவிட்டு அண்ணியே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"நான் கூண்டு ஏறிட்டேன்" என்றார் அண்ணனிடம். "பொண்டாட்டி ஜெயில்ல இருக்கா. நீங்க வெளிய இருக்கிறதுன்னா இருங்க."

ஹாலே சிரித்தது. அண்ணனும் சிரித்து, சிரித்ததில் இருமி, கம்பிளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அன்றைக்குத்தான் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. காய்ந்த இடத்தில் படுத்ததும் இருமல் மெல்ல இறங்கியது. இரண்டாவது வாரத்தில் வாசல்வரை நடந்துவந்து என்னிடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு கிழவர்கள் கூண்டுக்குள் பாய் விரித்தார்கள். வீடு கிடைக்கும்வரை இப்படியே கொண்டுபோய்விட்டால் போதும், இவர் தப்பிவிடுவார் என்று நான் நம்பினேன்.

மழை கொஞ்சம் விட்டது. அந்த இடைவெளியில்தான் பெரிய அதிகாரி ஒருவர் கட்டடத்தைப் பார்க்க வருகிறார் என்று சொன்னார்கள். நூதனசாலை வேலையைத் தொடங்க வேண்டும், சுற்றுலாப் பயணிகள் வருகிற காலம் நெருங்குகிறது என்று பேசிக்கொண்டார்கள். கோர்ட்டின் வரலாற்றை அவருக்குச் சிங்களத்தில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று எங்கள் பள்ளிக்கூட அதிபரிடம் கேட்டிருக்கிறார்கள். அதிபர் என்னை அனுப்பினார். நல்லதாய்ப் போயிற்று, நேராகவே சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால் எனக்கு அடையாளமே தெரியவில்லை. பாய்களைச் சுருட்டிப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். கொடியில் கிடந்த ஈரத்துணி ஒன்றையும் காணோம். வாளி, டின் எல்லாம் கக்கூசுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார்கள். தரை பளபளவென்று இருந்தது. வாசலில் குங்குமத்தட்டு, மாலை, விளக்கு. பெண்கள் நல்ல சேலை உடுத்தியிருந்தார்கள். கூண்டைச் சுற்றி அண்ணியின் சேலை ஒன்றைக் கட்டி மறைத்திருந்தார்கள். அதற்குள்ளே அண்ணன்.

எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் நடுவில் நின்று ஒவ்வொருவரையும் இடம் பார்த்து நிறுத்திக்கொண்டிருந்தார். சங்கத்துக்காகப் போராடி அடி வாங்கியவர், கெட்டவர் இல்லை. நான் அவரிடம் பாய்ந்தேன்.

"என்ன தலைவரே இது? ஒழுகுற எடத்தக் காட்டாம ஒளிச்சு வச்சா எப்படித் தெரியும் அவருக்கு?"

"டீச்சர், கொஞ்சம் பொறுங்க. வந்த மனுசனுக்கு வாசல்லயே குறை சொல்றது மரியாதையா? மொதல்ல நல்லபடியா வரவேத்து அனுப்புவோம். அப்புறமா நானு ஆபீசுக்குப் போயி ஆற அமர ஒவ்வொண்ணாச் சொல்லுவேன். எப்பவும் அப்படித்தானே?"

எப்பவும் அப்படித்தான். அதை நான் மறுக்கமுடியாது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் துரை வந்து நின்று எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், காலகாலமாக ஒரே பதில்தான். நல்லா இருக்கோமுங்க. முதல் நாள் பிள்ளை செத்தவளும் அதைத்தான் சொல்வாள். குறை எல்லாம் பிறகு, கங்காணி மூலமாக, தலைவர் மூலமாக, ஆபீஸ் ஜன்னல் வழியாக. முகத்துக்கு நேரே குறை சொன்னால் துரைக்கு மற்றவர்கள் முன்னால் அவமானம், அவமானப்பட்ட துரை ஒன்றும் தரமாட்டான். எங்கள் ஆட்களுக்கு அது பயம் மட்டும் இல்லை. அவர்களுக்குத் தெரிந்த நாகரிகமும் அதுதான், அதை வைத்துத்தான் அவர்கள் இதுவரை பிழைத்தார்கள். ஆனால் இந்த அதிகாரி தோட்டத்துத் துரை இல்லை. இவருக்கு நல்லா இருக்கோம் என்றால் நல்லா இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

அவர் வந்தார். சிரித்த முகம், மெல்லிய குரல். மாலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். சுவரைத் தட்டிப் பார்த்தார், மேடையின் மரத்தைத் தடவிப் பார்த்தார். நான் துண்டுச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன், கூட்டமாகப் பிடித்து வந்ததைச் சொன்னேன். "எவ்வளவு சுவாரசியமான கதை" என்றார். பிறகு சனத்தின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"எல்லாரும் நல்லம்தானே?"

"நல்லா இருக்கோமுங்க ஐயா!"

ஒரே குரலில் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் சிங்களத்தில் குறுக்கே விழுந்தேன். ஐயா, இவர்கள் மரியாதைக்குச் சொல்கிறார்கள், மழை பெய்தால் இந்த ஹால் முழுக்க ஒழுகும், லயத்துக்குப் பின்னால் மலை இன்னும் வெடித்தபடி இருக்கிறது, இங்கே கடும் நோயாளி ஒருவர் இருக்கிறார் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். அன்றைக்கென்று நல்ல வெயில். ஓட்டை வழியாக வெளிச்சம் அழகாக விழுந்துகொண்டிருந்தது.

"ஒழுகுதா?" என்று தலைவரிடம் கேட்டார்.

தலைவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "லேசாத்தாங்க. பெரிசா ஒண்ணும் இல்லைங்க."

நான் போய்க் கூண்டில் கட்டியிருந்த சேலையை இழுத்து விலக்கினேன். அண்ணன் ஒரு மூலையில் குந்தியிருந்தார். இருமல் சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று துவாயைச் சுருட்டி வாய்க்குள் திணித்து வைத்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரியைக் கண்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார், துவாயை வாயிலிருந்து எடுத்தார்.

"உடம்புக்கு என்ன வருத்தம்?" என்று அதிகாரி கேட்டார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். சொல்லுங்க, சொல்லுங்க என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"ஒண்ணும் இல்லைங்க மாத்தயா" என்றார் அண்ணன். "வயசாச்சு, அதான்."

அதிகாரி அவருடைய தோளில் ஆதரவாகத் தட்டினார். பிறகு எல்லாரையும் பார்த்து, மழையும் நின்றுவிட்டது, சொந்த வீட்டில் இருப்பதுபோல வருமா, எல்லாரும் வீட்டுக்குப் போக விருப்பம்தானே என்று கேட்டார். தலைவர் தமிழில் சொன்னார். சரிங்க ஐயா என்றது கூட்டம். அவர் போன பிறகு அண்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"அவரு நல்ல மனுசனாத் தெரிஞ்சாரு தங்கச்சி. அவ்வளவு தூரம் வந்திருக்காரு. மொகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது? தலைவரு பேசிக்குவாரு, நீ சும்மா இரு."

தலைவர் ஆபீசுக்குப் பேசத்தான் போனார். ஒரு தடவை இல்லை, பல தடவை. நீங்கள் எல்லாரும் சம்மதித்துத்தானே திரும்பிப் போகிற முடிவு எடுத்தது என்று திருப்பி அனுப்பினார்கள். நானும் போனேன். மண்ணைச் சோதித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். மழை இல்லாத நேரத்தில் இருக்கலாம், மழை வந்தால் கவனமாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்கள். இந்த ஊரில் மழை எப்போது கேட்டுக்கொண்டு வந்தது? லொறி வந்தது, பாயும் சட்டியும் ஏறியது, எங்கள் லயம் திரும்பவும் மேலே போயிற்று. கூண்டிலிருந்த சாமி படத்தை அண்ணி மடியில் வைத்துக்கொண்டு போனார். மறுநாளே கோர்ட்டுக்குச் சாரம் கட்டி வெள்ளை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். புதிய வீட்டைப் பற்றிப் பிறகு பேச்சே இல்லை.

மலையில் இருந்த வெடிப்பின் மேல் தோட்டத்தில் பிளாஸ்டிக் ஷீட் விரித்துக் கல் வைத்திருந்தார்கள். அண்ணனின் காம்பரா பூட்டிக் கிடந்ததில் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்திருந்தது. மழை திரும்பவும் பிடித்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் மேலே ஏறிப் போவேன். அண்ணன் லயத்து இஸ்தோப்புத் திண்ணையில், தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். உள்ளே போய்ப் படுங்கள் என்றால், படுத்தா சத்தம் கேக்காது என்பார். மண் இறங்குகிற சத்தம். அவர் முழித்திருந்தால் மற்றவர்களை எழுப்பிவிடலாமாம். அந்த ஈரக் காற்றில், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு, முழு லயத்துக்கும் காவல். என்கூட வாருங்கள் என்று நான் காலில் விழாத குறையாகக் கேட்டேன். அந்த மனுஷனின் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவரைத் திட்டத்தான் வாய் வருகிறது.

ஒரு காலையில் அண்ணி போன் பண்ணினார். மூச்சு இழுக்கமுடியவில்லை, உதடு நீலமாகிவிட்டது என்றார். ரோட்டில் மண் விழுந்திருந்ததால் வாகனம் ஏறவில்லை. இளந்தாரிகள் கம்பிளியில் தொட்டில் கட்டி, கம்பில் தூக்கிக்கொண்டு, மழையில் இறக்கினார்கள். நான் பாதி வழியில் எதிரே போய்ச் சேர்ந்துகொண்டேன். "தங்கச்சி, சங்கு ஊதுதா?" என்று கேட்டார். ஊதுது அண்ணே என்றேன். ஆஸ்பத்திரியில் ஒக்ஸிஜன் வைத்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு போய்விட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு ஆக வேண்டியதைப் பேசிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு ஆளைக் குளிப்பாட்டி, அவருடைய சொந்த இஸ்தோப்பில் வைத்து, அங்கிருந்துதான் தூக்க வேண்டும். வேறு மாதிரி நாங்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை. தலைவர் தப்பு அடிக்கிறவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். கொழும்பில் இருக்கிற பிள்ளைகளுக்கும், கந்தப்பளை, டயகம என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போய்விட்டது. அப்போதுதான் அரசாங்கத்து ஆளான கிராம சேவகர் குடையோடு வந்தார். எங்களோடு நன்றாகப் பழகுகிற மனுஷன், தமிழும் பேசுவார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"டீச்சர், செத்தவரோட பொடிய மேல கொண்டுபோக ஏலாது. அந்த லயம் ஆபத்தான எடம். அங்க கூட்டம் சேரக்கூடாதுன்னு மேலிருந்து உத்தரவு."

எனக்குக் காதில் விழுந்தது புத்திக்குள் போகவில்லை. அண்ணிக்குப் போய்விட்டது. அழுதுகொண்டிருந்தவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"ஆபத்தான எடம்னா, அப்ப எங்கள ஏன் ஐயா அங்க அனுப்புனீங்க?"

அவர் குடையை மடக்கினார், விரித்தார். "அது... நீங்க இருக்கிறது கொஞ்சப் பேர்தானே அம்மா. சாவு வீடுன்னா ஊரெல்லாம் வரும். ஏதாவது நடந்தா பெரிய பிரச்சினை ஆயிரும்."

தலைவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் லேசாத்தான் ஒழுகுதுன்னு சொன்னேன், நான்தான் சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

என் அறைக்குக் கொண்டுபோகலாம் என்றால் அந்தப் படிக்கட்டில் பெட்டி திரும்பாது. பழைய கோர்ட்டின் முன்விறாந்தையையாவது ஒரு நாள் தாருங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். வர்ணம் காயவில்லை என்றார்கள். கடைசியில் தோட்டத்துக் கல் ரோடு தொடங்குகிற முடக்கில், நாலு கம்பு நட்டுப் படங்கு கட்டி, பள்ளிக்கூடத்திலிருந்து வாங்குப் பலகைகளை எடுத்துவந்து போட்டு அவற்றின்மேல் அண்ணனை வைத்தோம். ரோட்டோரக் குழாயில்தான் குளிப்பாட்டினார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஊர் திரண்டு வந்தது. மறுநாள் தேயிலை மலைக்கு அந்தப் பக்கம் உள்ள மயானத்தில் புதைத்தோம். எங்கள் அண்ணன் வீட்டிலிருந்து போகவில்லை, நடு ரோட்டிலிருந்து போனார். இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

எல்லாம் முடிந்து வெளியூர்ச் சனம் பஸ் ஏறிப் போய்விட்டது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. படங்கை அவிழ்க்கக் கிராம சேவகரும் கை கொடுத்தார். லயத்து ஆட்கள் அவரவர் சாமானை எடுத்துக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினார்கள். அண்ணியும் கிளம்பினார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அண்ணி, அங்க போகாதீங்க. ஆபத்துன்னு அவரே சொல்லிட்டாரே."

அண்ணி என் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"அது கூட்டத்துக்கு பாப்பா. நாங்க கொஞ்சப் பேர்தானே."

சொல்லிவிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து மேலே நடந்தார்.